கடல் வந்து பார்த்த வீடு

கடல் முதன்முதலாகக் கோயம்புத்தூருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு. வந்த இடம் கல்லூரி மாணவியர் விடுதியின் கீழ்த்தளத்தில் பதினான்காம் எண் அறை. புள்ளியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஜெனோவா அப்போது வாயில் பற்பசை நுரையோடு நின்றிருந்தாள். கதவிடுக்கில் புகுந்த தண்ணீர் கணுக்கால் வரை ஏறி, வெதுவெதுப்பாகச் சுற்றி வந்து, கட்டில் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அலமாரிக்கு அடியில் போய், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இருபது நிமிடம் அறையில் இருந்துவிட்டு வந்த வழியே போயிற்று. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் மேலே இருப்பதாக ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கிறது. கடல் அந்தப் பலகையைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஜெனோவா குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பற்பசையையும் மீறிக் கரித்தது. எந்தக் கடல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை.

அவள் அப்பா கஸ்பார், குமரிக் கரையில் சூசையார்புரத்துக்காரர், முந்தைய ஆண்டுக் கார்த்திகைப் புயலுக்கு இரண்டு நாள் முன்பு வள்ளத்தில் போனவர். உடன் போன மூவரில் இருவரின் உடல் கிடைத்தது; ஒருவர் உயிரோடு வேறு மாநிலத்துக் கரையில் ஏறினார்; கஸ்பார் மட்டும் இரண்டு பட்டியலிலும் இல்லை. காணாமல் போனவரை ஏழாண்டு கழித்துத்தான் இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். சட்டத்துக்கு நெற்றியும் இல்லை, கழுத்தும் இல்லை, ஆகவே அதனால் பொறுத்திருக்க முடிகிறது. சூசையார்புரத்து வழக்கம் அதைவிடச் சுருக்கமானது. உடல் கிடைக்காதவர் கடைசியாகத் துவைக்கப் போட்ட சட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பங்குச் சாமியார் பூசை செய்வார், பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போகும், வீட்டில் ஒரு பாட்டம் அழுது முடித்து அடுப்பு மூட்டுவார்கள். ஜெனோவாவின் அம்மா பிரகாசி ஞாயிறுதோறும் போனில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டைய குடுத்துருவமா மக்ளே? சாமியாரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"வேண்டாம்மா. குடுத்துட்டு, அப்பா வந்தா என்னத்தப் போடுவாரு?"

இருவரும் சம்மதிக்காமல் சட்டை பெட்டிக்குப் போகாது. ஆகவே கஸ்பார் பதினோரு மாதமாகச் சாகவும் இல்லை, வரவும் இல்லை.

கடல் வந்த செய்தியைச் சொன்னபோது பிரகாசி வியக்கவில்லை. "அதான பாத்தேன். நம்ம கரையில ரெண்டு நாளா தண்ணி கொறைவாட்டு கெடக்கு" என்றாள்.

விடுதியில் விவகாரம் விதிகளின்படி ஆராயப்பட்டது. வெளியார் அறைக்குள் வரக்கூடாது என்ற விதியை வார்டன் காட்டினார். கடல் அஃறிணை, எனவே 'யார்' என்பதில் அடங்காது என்று துணை வார்டன் வாதாடினார். அவர் தமிழ் எம்.ஏ. இரண்டு நாள் இந்த வாதம் நடந்தது, அதற்குள் கடல் நான்கு முறை வந்துபோயிற்று, வரவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. பரிசோதனையாக ஜெனோவாவை மாடியில் ஒரு தோழியின் அறையில் தங்கவைத்தார்கள். அன்று கடல் படிக்கட்டின் நாலாவது படிவரை ஏறி, அதற்குமேல் ஏற மாட்டாமல், கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி நின்று திரும்பிவிட்டது. இனி ஜெனோவா மாடியிலேயே இருக்கட்டும் என்றார் வார்டன். மறுநாள் காலையில் நாலாவது படியில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்த ஜெனோவா, வெளியே ஒரு கீழ்வீடு பார்த்துப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மேலே இருந்தால் அது தன்னை வந்தடையாது. அது வராவிட்டால் அதோடு வரவேண்டியவரும் வரமாட்டார். கணக்கு அவ்வளவுதான், அதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை.

இப்படியாக அவள் வீடு தேடத் தொடங்கினாள். காலையில் வகுப்பு, மதியம் விடுபட்ட தரவுகளை மதிப்பிடும் முறைகள் என்ற ஆய்வேட்டுக்கு நூலகம், மாலையில் புரோக்கர் வெள்ளியங்கிரியின் டிவிஎஸ் வண்டிப் பின்னிருக்கை. கேட்டில் தொங்கும் பலகைகள், பலகையில் இருக்கும் எண்கள், எண்ணை எடுக்கும் குரல்கள், குரல்கள் கேட்கும் கேள்விகள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நிற்கும் கூடங்கள், கூடத்தில் நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லாத வீட்டுக்காரர்கள், உட்காரச் சொல்லிவிட்டு ஊரையும் சாமியையும் சாப்பாட்டையும் கேட்டபின் எழுந்துகொள்ளும் வீட்டுக்காரர்கள் என்று ஒரு மாதம் போயிற்று. நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் ஒதுக்கிய பழைய இலக்கணக்காரர்கள், வாடகை வீட்டை எதில் சேர்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அங்கே பூ, டூலெட் பலகை. பறவை, புரோக்கர்.

"அம்மிணி, கீழ்வீடு கீழ்வீடுன்னு அடம்புடிச்சா எப்படிங்? மேல போனா காத்து வரும், வெளிச்சம் வரும்" என்றார் வெள்ளியங்கிரி.

"கடல் வராதே அண்ணா."

"அதத்தான் நானும் சொல்றனுங்."

"அப்பா என்னம்மா பண்றாரு?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். "மீன் பிடிக்கிறார்" என்று எல்லா வீட்டிலும் அவள் நிகழ்காலத்திலேயே பதில் சொன்னாள். ஒரு வீட்டில், வெள்ளைவேட்டி கட்டிய பெரியவர் கடல் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"கடல் வர்றதும் போறதும் உங்க சௌகரியமுங். வீட்டுக்குள்ள மீனு மட்டும் ஆகாது."

"கடலோட மீனு வந்துட்டா என்னங் பண்றது?" என்று நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினார் வெள்ளியங்கிரி.

"உசுரோட வந்தாப் பரவால்லீங். கொழம்புலதான் ஆகாது."

கடைசியில் ஐப்பசி முடியும்போது, ஊரின் மேற்கோரத்தில் மாவு மில் வைத்திருக்கும் நாச்சம்மாள் தன் வீட்டின் பின்போர்ஷனைக் கொடுத்தார். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்கட்டில் ஒரு துவைகல். நாச்சம்மாளுக்கு ஐம்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, சத்தமான மில்லில் நின்று நின்று குரல் உயர்ந்துபோனவர். ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். கடலைப் பற்றி ஜெனோவா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் சமையலறையில் தண்ணீர் நுழைந்து சிலிண்டரைச் சுற்றி வந்தபோதுதான் கையைத் தட்டிக் கத்தினார்:

"போர்ல தண்ணி வந்துருச்சுடோய்!"

அந்தப் பக்கத்தில் போர்வெல் என்பது ஒரு மதம். நாச்சம்மாள் முந்தைய கோடையில் ஆயிரத்து இருநூறு அடி துளைத்து, வெறும் புழுதி பார்த்து, செத்தவருக்கு வைப்பதுபோல் குழாய்க்குப் பூ வைத்து மூடியிருந்தார். இப்போது ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே குழாய் கடலையே தொட்டுவிட்டது என்ற முடிவுக்குத் தெரு முழுவதும் வந்தது. "அக்கா, இது என் பின்னாலதான் வருது, ஹாஸ்டலுக்கும் வந்துச்சு" என்று ஜெனோவா சொல்லிப் பார்த்தாள்.

"அட போ கண்ணு. ஆயரத்தி எரநூறு அடி! கடலத் தொடாம எதத் தொடும்?"

தெரு ஒரு வாரத்தில் கடலுக்குப் பழகிக்கொண்டது. ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்துகிறது என்பதைப் பெண்கள் கண்டுபிடித்து, ரேஷன் கடை நேரத்தையும் சீரியல் நேரத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியோடு வந்து சமையலறையில் காலை நனைத்து உட்கார்ந்து, ஜெனோவாவுக்கு வரன் பார்த்தார்கள். மாங்காயை உப்பில் போட நினைத்தவர்கள் குடத்தோடு வந்தார்கள். பொறியாளர் ஒருவர் அரசு ஜீப்பில் வந்து, அளவுகோலை முக்கி, கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம் என்று குறித்துக்கொண்டு, கடல் தன் துறையில் வராது என்று எழுதிக் கொடுத்தார். இத்தனைக்கும் நடுவே கடல் யாரையும் சட்டை செய்யாமல், வந்த ஒவ்வொரு முறையும் சுவரோரம் சுற்றி, கட்டிலுக்கு அடியில் பார்த்து, அவள் கணுக்காலை வந்து தொட்டபின் கொஞ்சம் நின்று, தனியாகத் திரும்பிப் போயிற்று. ஜெனோவா ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி அமாவாசை அன்று தெருவின் தையல்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். மனைவிக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போய்வர இரண்டு நாள் ஆகும், கடையை மூடமுடியாது, இங்கேயே கொடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜெனோவா சரி என்றாள். ஐயர் ஒருவர் காஸ் சிலிண்டர் மேல் பலகை போட்டு உட்கார்ந்து மந்திரம் சொல்ல, தையல்காரர் எள்ளும் நீரும் இறைத்து, பிண்டத்தைத் தண்ணீரில் விட்டார். கடல் அதை மிக மரியாதையாக வாங்கிக்கொண்டு போயிற்று. தையல்காரர் எழுந்தபோது அவர் முகம், பல நாள் தூக்கியதைக் கீழே வைத்தவர் முகம் போல இருந்தது. அவரைப் பார்த்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் அந்த முகத்தோடுதான் வெளியே போனார்கள்.

ஐயர் பலகையை மடக்கும்போது கேட்டார்: "உங்களுக்கு யாரும் இருக்காளாம்மா? கையோட முடிச்சுடலாம்."

"இல்லீங்க. எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க."

தை அமாவாசைக்கு முந்நூறு பேராவது வருவார்கள் என்று பேச்சு அடிபட்டது. நாச்சம்மாள் கணக்குப் போட்டார். பணக்கணக்கு அல்ல, புண்ணியக் கணக்கு. பின்போர்ஷனைத் துறையாக மாற்றிப் படி கட்டி ஒரு சிமெண்டுப் பிள்ளையாரையும் வைத்துவிடுவது என்று தீர்மானித்து, ஜெனோவாவிடம் தை மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்த முயன்றார், தெரு முழுவதும் கேட்டது.

"உன்மேல ஒண்ணும் இல்ல கண்ணு. தண்ணி வீட்டோடது பாரு. நீ எங்கிருந்தாலும் நல்லாருப்ப."

ஆக மறுபடி டிவிஎஸ் வண்டி, மறுபடி பலகைகள், மறுபடி செருப்பைக் கழற்றுவது. தை அமாவாசை காலையில் வீட்டைச் சுற்றி வரிசை நின்றது. சமையலறையில் ஐயர்கள் மூன்று பேர், டோக்கன் கொடுக்க நாச்சம்மாள். முந்நூறு பேர் தங்கள் இறந்தவர்களின் பெயரை மும்முறை சொல்லிக் கைவிடுவதைத் தன் கட்டிலில் உட்கார்ந்து கேட்க ஜெனோவாவால் முடியவில்லை. வெள்ளியங்கிரி போனில், மூணாவது மாடி, ஆனால் ராசியான வீடு, பார்க்க மட்டுமாவது வாங்க என்று கெஞ்சியபோது, அவள் கிளம்பிவிட்டாள். கடல் ஏறும் நேரம் பன்னிரண்டு என்பது அவளுக்குத் தெரியும். பதினொன்றரைக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

இதோ வந்துவிட்டேன் என்று போனில் சொல்லிச் சொல்லியே வீட்டுக்காரர் சாவி கொண்டுவரப் பன்னிரண்டரை ஆயிற்று. வீடு நன்றாகத்தான் இருந்தது. பால்கனியிலிருந்து மலை தெரிந்தது.

"தண்ணி விஷயத்துல பயப்படாதீங்கம்மா. மூணாவது மாடிக்குக் கடல் வராது, நான் கேரண்டி" என்றார் வீட்டுக்காரர்.

"அதனாலதான் யோசிக்கிறேங்க" என்றாள் ஜெனோவா.

அவள் திரும்பியபோது மணி இரண்டரை. கூட்டம் கலைந்திருந்தது. தரையில் எள் ஒட்டிக் கிடந்தது. நாச்சம்மாள் துவைகல்லில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. உன்னயக் கேட்டுட்டு ஒரு ஆளு வந்திருந்தாரு."

"யாருக்கா?"

"பேரெல்லாம் கேக்கல. அல்லாரும் வாசல் வழியா டோக்கன் வாங்கிட்டு வந்தா, இந்த மனுசன் அடுப்படிக்குள்ள இருந்து வர்றாரு, தண்ணியோட. லுங்கி. மேல சட்டை கூட இல்ல. தாடி மசுரு எல்லாம் உப்பு. ஜெனோவா இருக்காளான்னாரு."

ஜெனோவா எட்டிச் சமையலறைக்குள் பார்த்தாள்.

"நீ வெளிய போயிருக்கேன்னு சொன்னேன். வர்ற வரைக்கும் இருக்கட்டுமான்னாரு. நான் கண்டிசனா சொல்லீட்டேன். ஐயா, பொம்பளப் புள்ள தனியாக் குடியிருக்கற வீடுங், ஆம்பளைங்களை உக்கார வெக்கறது இல்லீங், அதும் சட்டை இல்லாமன்னு. நாலு பேரு பாத்தா உன்னயத்தான கண்ணு பேசுவாங்க?"

"அப்பான்னு சொன்னாராக்கா?"

"சொன்னாரு. எல்லாருந்தான் சொல்றாங்க. முன்னாடி இருந்த நர்சுப் புள்ளைக்கு மூணு கசினு வந்தாங்க, மூணும் மூணு சாதி. ஊர்லருந்து வர்ற அப்பன் ஒரு போன் பண்ணாம வருவாரா? நீதான சொன்ன, அவரு அங்க மீனு புடிக்கறாருன்னு."

ஜெனோவா அப்படிச் சொன்னது உண்மைதான். எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தாள்.

"ஆனா ஒண்ணு, மரியாதையான மனுசன். குடிக்கத் தண்ணி கேட்டாரு. மூணு சொம்பு குடிச்சாரு கண்ணு, அத்தனை தாகம். அப்பறம் நின்னமானிக்கே செவத்தத் தட்டிப் பாத்தாரு, கொழாயத் தொறந்து மூடுனாரு. வீடு நல்லாருக்குன்னாரு. தண்ணி வடியற வரைக்கும் வாசலையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் சரிம்மா, வாரேன்னுட்டு அதுகூடவே போயிட்டாரு."

நாச்சம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கால் பிடித்த கை நின்றுவிட்டது. மில்லில் நிற்கத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நெசமாவே அப்பாவா கண்ணு?"

"ஆமாக்கா."

"நான் உன் நல்லதுக்குத்தான..."

"தெரியும்க்கா."

சமையலறையில் வேலைக்காரப் பெண் தரையைத் துடைக்க மாப்பை நனைத்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா போய் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். ஈரத்தில் தனியாக ஒரு கால்தடமும் தெரியவில்லை. முந்நூறு பேர் நடந்த தரையில் ஒருவர் தடத்தைத் தேடுவது எந்தப் புள்ளியியல் முறையிலும் அடங்காது. இருந்தாலும் அவள் குழாயடியில் உட்கார்ந்து, தரை காயும்வரை தேடினாள்.

அன்றைய அடுத்த ஏற்றத்துக்குக் கடல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் போர்வெல்காரர்கள் லாரியோடு வந்து, குழாய்க்குள் கேமராவை இறக்கி, ஆயிரத்து இருநூறு அடியும் பார்த்துவிட்டு, புழுதி மட்டும் இருப்பதாகச் சொன்னார்கள். நாற்காலியோடு வந்த மூட்டுவலிக்காரர்கள் கொஞ்ச நேரம் உலர்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். படி கட்ட இறக்கிய செங்கல் வாசலிலேயே கிடந்தது. நாச்சம்மாள் வீட்டைக் காலிசெய்யச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்; எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு, யார் வேண்டுமானாலும் வரட்டும், எந்தக் குழம்பு வேண்டுமானாலும் வை என்றார். கேட்டைப் பூட்டுவதையும் விட்டுவிட்டார். வெள்ளியங்கிரி வண்டியை நிறுத்திவிட்டு உற்சாகமாகச் சொன்னார்: "கடல் நின்னுருச்சாமா அம்மிணி! இனி உங்களுக்கு இந்த ஊருல எந்த வீடு வேணும்னாலும் கெடைக்குமுங்."

அது முழுக்க உண்மை. அவளிடம் இனி மறைக்கவும் விளக்கவும் எதுவும் இல்லை, அவள் எல்லோரையும் போல ஒரு வாடகைக்காரி.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன் வந்தது. கேள்வி தொடங்கும் முன்பே ஜெனோவா சொன்னாள்:

"அப்பா வந்தாரும்மா."

அங்கே பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

"அமாவாசைக்கு."

"சாப்புட்டாரா?"

"சாப்புட்டாரு."

"நடக்க முடியுதா? மெலிஞ்சிட்டாரா?"

"தாடி வச்சிருக்காரு. நல்லாத்தான் இருந்தாரு. வீடு நல்லாருக்குன்னாரு."

பிறகு, பதினான்கு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுவந்த பிரகாசி, வேறொன்றைக் கேட்டாள்.

"போவும்போது என்ன சொன்னாரு மக்ளே?"

சூசையார்புரத்தில் கரையைவிட்டுக் கிளம்பும் எவரும் போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவர்கூட வாரேன் என்றுதான் சொல்வார். தலைமுறை தலைமுறையாக அங்கே அது விடைபெறுதல் அல்ல, வாக்கு. வாரேன் என்று சொல்லிப் போனவருக்கு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வருடமானாலும் காத்திருப்பார்கள்; அவர் சட்டையைக் கொடுப்பது, அவர் சொல்லைப் பொய்யாக்குவது. புயலுக்கு முன்பு கஸ்பார் வாசலில் நின்று சொன்னதும் அதுதான். ஜெனோவா இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். இப்போது பிரகாசி நாற்பத்தைந்து வயதில், பூ வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். மூச்சு கேட்டது.

"போறேன்னு சொன்னாரும்மா" என்றாள் ஜெனோவா.

"வாரேன்னு சொல்லலியா?"

"இல்லம்மா. போறேன்னுதான் சொன்னாரு."

"நீ ஒன் காதால கேட்டியா?"

"கேட்டேன்."

"சரி" என்றாள் பிரகாசி. "சரி மக்ளே. நாளைக்குச் சாமியார்ட்ட சொல்லிருதேன்."

ஆனால் போனை வைக்கவில்லை. முதலில் ஒரு விக்கல் போல வந்தது, பிறகு கட்டில் கிறீச்சிட்டது, பிறகு பதினான்கு மாதம் வராத அழுகை முழுவதும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவரும் காலடிகளும், என்னம்மா, என்னம்மா என்ற குரல்களும், கூடச் சேர்ந்து அழும் குரல்களும் ஒவ்வொன்றாகக் கேட்டன. ஜெனோவா போனைக் காதிலிருந்து எடுக்காமல், உலர்ந்த தரையில் உட்கார்ந்து, அத்தனையையும் கேட்டாள். அவளால் அழ முடியவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை, அவர் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்.